வெள்ளோட்டம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் அடிக்கடி யாராவது ஒருவர் 'சர்வர் டவுன்' என்று புலம்பி எழுதுகிறார். படிக்கும்போது சிரிப்பும் வரும், கொஞ்சம் கோபமும் வரும். நான் இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் சின்னதாக ஒரு நெட் சென்டர் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் சென்னையில் பத்து வருஷத்துக்கு மேல் டெஸ்டிங் வேலை, அதாவது மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கும் வேலை. அப்பாவுக்கு முடியாமல் போனதும் ஊருக்கு வந்துவிட்டேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: நாம் திட்டுகிற பல நேரங்களில் சர்வர் படுத்திருப்பதில்லை, நன்றாக நின்றுகொண்டுதான் இருக்கிறது. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைத்தான் அது தொலைத்துவிடுகிறது.

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது நம் கரையில் குழந்தைக்கும் தெரியும். அந்தக் கடைசி வாரத்தில் என் கடையில் கூட்டம் தள்ளும், ஏனென்றால் படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, வலையைச் சரிபார்த்து முடித்தவர்களுக்கு அப்போதுதான் காகித வேலை ஞாபகம் வரும். அப்படி வந்தவர் பாம்பன் பக்கத்து அக்கா ஒருவர். கையில் மஞ்சள் பை, பைக்குள் வீட்டிலிருந்த எல்லாக் காகிதமும். ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். எந்த அலுவலகத்தின் இணையதளம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒன்றுக்கு மட்டும் ஒட்டுப்போட்டுவிட்டு மற்றவர்கள் எல்லாம் தப்பித்துக்கொள்வார்கள்.

லாகின் ஆயிற்று, படிவம் நிரப்பியாயிற்று, பணம் கட்டும் பக்கம் திறந்தது, அக்கா தன் போனில் யுபிஐ பின் நம்பரைப் போட்டார், கணக்கிலிருந்து பணம் போய்விட்டதாக எஸ்எம்எஸ்ஸும் வந்துவிட்டது. என் திரையில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றிச் சுற்றி, கடைசியில் 'உங்கள் செஷன் முடிந்துவிட்டது, மீண்டும் லாகின் செய்யவும்' என்று வந்தது (ஒரு தடவை லாகின் செய்ததற்குத் தளம் தருகிற நேரம்தான் செஷன்). லாகின் செய்து பார்த்தால் 'கட்டணம் நிலுவை'. அக்காவுக்குக் கடைசி பஸ் பயம். "இன்னொரு தடவை கட்டிப் பாருங்க தம்பி, முடிஞ்சாப் போதும்" என்றார். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதே வேலையைப் பத்து வருஷம் பார்த்தவன், இருந்தும் கட்டினேன். இரண்டாவது தடவையும் பணம் போனது. இந்த முறை திரையில் வந்த வாசகம் 'கட்டணம் ஏற்கனவே செலுத்தப்பட்டுள்ளது'. சரி, அப்படியானால் வேலை முடிந்தது என்று விண்ணப்பத்தின் நிலையைத் திறந்து பார்த்தேன், அங்கே பழையபடி 'நிலுவை'. ஏற்கனவே கட்டியாயிற்று, இன்னும் கட்டவில்லை, இரண்டையும் ஒரே தளம் ஒரே நிமிஷத்தில் சொல்கிறது. நான் அதை பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டேன், பழைய தொழில் புத்தி.

உதவி எண்ணில் பேசிய பையன் மரியாதையாகத்தான் பேசினான். "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்." வங்கியில் கேட்டால் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்கிறார்கள். நடுவில் நின்று பணத்தை வாங்கிக் கொடுக்கிற நிறுவனத்துக்கு மெயில் போட்டால் ஒரு புகார் எண் மட்டும் வந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பையன் சொன்னதும் உண்மை, வங்கி சொன்னதும் உண்மை. நானும் சென்னையில் இருந்தபோது இதே பதிலைச் சொன்னவன்தான். லாகின் பக்கம் வேலை செய்கிறதா, செய்கிறது, பச்சை டிக். படிவம் சேமிக்கிறதா, சேமிக்கிறது, அதற்கும் ஒரு டிக். பணம் கட்டும் பக்கம், ரசீதுப் பக்கம், எல்லாம் தனித்தனியே பச்சை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக, நடுவில் லைன் அறுந்து, பதற்றத்தில் பேக் பட்டனை அமுக்கி, அப்புறம் இன்னொரு ஜன்னலில் திறந்து, இப்படி ஒரு மனுஷர் உண்மையில் போகிற பாதை முழுவதையும் யாரும் நடந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இணையத்தின் பிறவிக்குணம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். உலாவிக்கும் சர்வருக்கும் இடையில் ஓடுகிற எச்டிடிபி என்ற பேச்சுமுறைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு கேள்வி, ஒரு பதில், அத்தோடு மறந்துவிடும்; அடுத்த கேள்வியை எடுத்துப் போனால் நீங்கள் யாரோ. பக்கங்களைப் படிப்பதற்கு மட்டும் இணையம் இருந்த காலத்தில் இது ஒரு குறையே இல்லை. கடை போட்டு விற்க நினைத்தபோதுதான் இடித்தது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மோன்டுல்லி குக்கி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். மீன் ஏலத்தில் கையில் திணிக்கிற துண்டுச்சீட்டு போலத்தான் அது. சீட்டை ஒவ்வொரு தடவையும் நீட்டினால் சர்வர் தன் கணக்கைப் புரட்டி, ஓகோ, இவர் படிவம் முடித்துவிட்டு பணம் கட்டும் இடத்தில் நிற்கிறார் என்று தெரிந்துகொள்ளும். இந்த 'எங்கே நிற்கிறார்' என்பதைத்தான் தொழிலில் ஸ்டேட் என்கிறோம், தமிழில் நிலை. அந்தக் கணக்கு ஒரு இடத்தில் இருந்தாலாவது பரவாயில்லை. விண்ணப்பத்தின் நிலை ஒருவரிடம், பணத்தின் நிலை இன்னொருவரிடம், லாகின் நிலை மூன்றாவது இடத்தில். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். அக்கா விஷயத்தில் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

நிலை என்பது நம் ஊருக்குப் புதிதில்லை. விசைப்படகு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் நிற்கிறது, டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) வாங்கியாயிற்று, கடலில் இருக்கிறது, திரும்பிவிட்டது. நாலே நிலை. முதல் நிலையிலிருந்து மூன்றாவதுக்குத் தாவக்கூடாது, டோக்கன் இல்லாமல் கடலுக்குப் போவது தப்பு. புயல் எச்சரிக்கை இருந்தால் டோக்கனே கிடையாது. கடலில் இருக்கிற படகின் பேரில் யாராவது வந்து இன்னொரு டோக்கன் கேட்டால் கணக்கு எழுதுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். அந்த நிமிர்ந்து பார்த்தல்தான் எனக்கு இணையச் சேவைகளில் வேண்டும். இந்தக் கடிதத்தின் மொத்தக் கோரிக்கையே அதுதான், மீதி எல்லாம் விளக்கம்.

விளக்கத்துக்கு வருகிறேன். ஒரு இணையச் சேவை எப்படிப் பேசும் என்பதை மற்ற கம்ப்யூட்டர்களுக்குச் சொல்ல ஒரு விவர ஏடு உண்டு. முன்பு டபிள்யூஎஸ்டிஎல் என்று ஒன்று, 2000-இல் வந்தது, அதன் இரண்டாம் பதிப்பை இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2007-இல் பரிந்துரையாக வெளியிட்டது. இப்போது ஓப்பன்ஏபிஐ. இவற்றில் என்னென்ன வேலை கேட்கலாம், என்ன கொடுத்தால் என்ன திரும்ப வரும் என்பதெல்லாம் சுத்தமாக இருக்கும். எதற்குப் பின் எது என்ற வரிசையை மட்டும் கட்டாயமாக எழுதும் இடம் அங்கே இல்லை. கடலுக்குப் போகிறவன் சாமான் பட்டியல் மாதிரி: டீசல், ஐஸ், வலை, தண்ணீர், அரிசி எல்லாம் இருக்கும், ஐஸை ஏற்றாமல் கிளம்பாதே என்று பட்டியல் சொல்லாது. அந்த வரிசை புரோகிராம் எழுதியவர் தலைக்குள் இருக்கிறது, அவர் வேறு கம்பெனிக்குப் போனதும் தலையும் கூடவே போய்விடுகிறது.

அப்புறம் டெஸ்டிங். நம் பக்கம் புதுப்படகு விட்டாலும், பழையதைப் பழுது பார்த்து இறக்கினாலும் முதலில் வெள்ளோட்டம் பார்ப்போம். காற்று இல்லாத காலை நேரம் பார்த்து, கரைக்குப் பக்கத்திலேயே ஒரு சுற்று. இஞ்சின் சத்தம், தண்ணீர் ஏறுகிறதா, சுக்கான் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு வருவோம். அது தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆனி ஆடிக் காற்றில் அதே படகு என்ன செய்யும் என்பதை அந்தக் காலை நேரம் சொல்லாது. சென்னையில் ஏசி அறையில், கேபிள் நேராகச் செருகிய கம்ப்யூட்டரில், நிமிஷத்துக்குள் ஓடிபி வந்துவிடுகிற இடத்தில் நாங்கள் பார்த்த டெஸ்டிங் எல்லாம் காலை நேர வெள்ளோட்டம்தான். இங்கே ஓடிபி வருவதற்காக ஆள் எழுந்து தெருமுனைக்குப் போகிறார். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு நல்வரவு சொல்கிறது. ஓடிபி வந்து சேரும்போது இங்கே செஷன் செத்துப்போயிருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விண்ணப்பத்தில் ஐந்து படி. ஒவ்வொரு படியிலும் ஐந்து விதமாக நடக்கலாம்: ஒழுங்காக முடியலாம், கேள்வி போகும் வழியில் லைன் அறுந்துபோகலாம், பதில் வரும் வழியில் அறுந்துபோகலாம், ஆள் இரண்டு தடவை அமுக்கலாம், பின்னால் போகலாம். ஐந்தை ஐந்து தடவை பெருக்கினால் 3125 பாதை. கையால் சோதிக்கிறவர் பத்து இருபது பார்ப்பார், மதியச் சாப்பாடு வந்துவிடும். அதனால் பாதைகளை மனுஷர் எழுதாமல் மெஷினே உண்டாக்கட்டும் என்று ஒரு வழி இருக்கிறது. எந்த நிலையில் இருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்ற வரைபடத்தை மட்டும் கொடுத்துவிட்டால், அது கண்ணை மூடிக்கொண்டு ஆயிரக்கணக்கான பாதைகளில் நடந்து பார்க்கும், வேண்டுமென்றே லைனை அறுக்கும், வேண்டுமென்றே இரண்டு தடவை அமுக்கும். ஸ்வீடனில் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் கோன் கிளாசனும் ஜான் ஹியூஸும் 2000-இல் வெளியிட்ட க்விக்செக் என்ற கருவி இந்த வகைக்கு முன்னோடி, பிற்பாடு அதை நிலையுள்ள சேவைகளுக்கும் நீட்டினார்கள். அதில் எனக்குப் பிடித்தது ஒன்று: நாற்பது படி நடந்து ஒரு தப்பைக் கண்டுபிடித்தால், தேவையில்லாத படிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, இந்த மூன்று படி போதும் தப்பு வருவதற்கு என்று சுருக்கிக் கையில் கொடுக்கும். அக்காவின் கதையை அது ஒரு வரியில் சொல்லியிருக்கும்: பணம் கட்டு, பதில் வருமுன் செஷன் முடியட்டும், மறுபடி கட்டு.

இதையெல்லாம் செய்தாலும் போதாது என்பதுதான் என் கட்சி. ஏனென்றால் வெளியில் இருப்பதை நாம் முழுக்க யோசித்துவிட முடியாது. இன்றைக்கு வங்கி தன் பக்கம் ஏதோ மாற்றுவார்கள், நாளைக்குப் பணப் பரிமாற்ற நிறுவனம் மாற்றுவார்கள், நம்மிடம் சொல்லமாட்டார்கள்.

பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1914-இல் திறந்தது. கட்டியவர்கள் கணக்குப் போடாமலா கட்டினார்கள்? இருந்தும் 1964 டிசம்பரில் புயல் வந்து தனுஷ்கோடியையும், அங்கே போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலையும், பாலத்தின் பெரும் பகுதியையும் கொண்டுபோனது. பாலத்தைச் சீக்கிரமே சரிசெய்து மறுபடி ரயில் விட்டார்கள். ஆனால் பாலம் உறுதியாகத்தான் இருக்கிறது, சோதித்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பழைய பாலத்தில் ஒரு காற்றுமானி இருந்தது, சிக்னலோடு சேர்த்துக் கட்டியது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கு சிவப்பு. யாரும் போன் பண்ண வேண்டாம், யாரும் அனுமதி கேட்க வேண்டாம். ரயில் போகிற ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நிமிஷமும் அது பார்த்துக்கொண்டே இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி இருக்கிறது; அந்தத் தூக்கும் ஏற்பாட்டை ரயில் கட்டுப்பாட்டு முறையோடு பின்னித்தான் அமைத்திருக்கிறார்கள். பாலம் மேலே இருக்கும்போது ரயிலுக்குப் பச்சை விழக்கூடாது. இரண்டு நிலை, ஒரு விதி. ஒருநாள் சோதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் நம்பிக்கையில் விடுகிற விஷயமா அது?

இணையச் சேவைக்கும் இதே மாதிரி ஒரு காற்றுமானி வைக்கலாம். தொழிலில் இதற்கு ரன்டைம் வெரிஃபிகேஷன் என்று பெயர், ஓட்டத்திலேயே சரிபார்த்தல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சேவை ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு சின்ன காவல் புரோகிராம் நின்று, போகிற வருகிற ஒவ்வொரு செய்தியையும் பார்க்கும். அதனிடம் சில விதிகள் இருக்கும். பணம் வராமல் விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று வரக்கூடாது. ஒரே விண்ணப்ப எண்ணுக்கு இரண்டு வரவு விழக்கூடாது. பணம் வந்தபின் நிலுவைக்குத் திரும்பக்கூடாது. எந்த விதி உடைந்தாலும் அந்த நிமிஷமே மணி அடிக்கும். மந்திரம் ஒன்றும் இல்லை. இந்த மாதிரி 'எப்போதும்', 'அதற்கு அப்புறம்', 'அதுவரைக்கும்' என்ற காலச் சொற்களைக் கணிதமாக எழுதி புரோகிராம்களைப் பற்றிப் பேசலாம் என்று 1977-இல் காட்டியவர் இஸ்ரேலைச் சேர்ந்த அமீர் புனுவேலி, அதற்காக 1996-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது வாங்கினார். ஓட்டத்தில் சரிபார்ப்பதற்கென்றே 2001 முதல் ஆராய்ச்சியாளர்கள் தனியாகக் கூடிப் பேசி வருகிறார்கள். ஆக, புதுசு என்று யாரும் கைவிரிக்க முடியாது.

ஒரு இடம் மட்டும் நுணுக்கமானது, அதில் கொஞ்சம் நின்று போகிறேன், ஏனென்றால் அக்கா மாட்டிக்கொண்டது அங்கேதான். விதிகளில் இரண்டு சாதி. கெட்டது நடக்கக்கூடாது என்பது ஒன்று, நல்லது நடந்தே தீரவேண்டும் என்பது இன்னொன்று. இப்படிப் பிரித்துக் காட்டியவர் லெஸ்லி லாம்போர்ட் என்ற கணினி விஞ்ஞானி, அதுவும் அதே 1977-இல்தான். முதல் சாதியைக் காவல்காரன் பிடித்துவிடுவான். இரண்டாவது வரவு விழுந்த அந்தக் கணமே தப்பு கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது சாதி அப்படி இல்லை. பணம் கட்டினால் ரசீது வர வேண்டும் என்று மட்டும் எழுதி வைத்தால், ரசீது வராமல் ஒரு வாரம் ஆனாலும் காவல்காரனால் தப்பு என்று சொல்ல முடியாது. நாளைக்கு வரலாமே. அடுத்த மாதம் வரலாமே. விதி இன்னும் உடையவில்லை! கரையில் நிற்கிறவர்களுக்கு இது தெரிந்த வேதனைதான், படகு வரும் வரும் என்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது. எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே பேசி வைத்திருந்தால்தான், அந்த மணி தாண்டியதும் தேடப் போகலாம். ஆகவே நல்லது நடக்க வேண்டும் என்ற ஒவ்வொரு விதிக்கும் ஒரு கெடு வைக்க வேண்டும். பணம் வந்து பத்து நிமிஷத்துக்குள் ரசீது, இல்லாவிட்டால் மணி. கெடு வைத்த உடனே அது முதல் சாதிக்கு மாறிவிடுகிறது, காவல்காரன் கைக்கு எட்டிவிடுகிறது.

ரிசர்வ் வங்கி இதை நன்றாகப் புரிந்துகொண்டு 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை விட்டது. யுபிஐயில் ஒருவர் கணக்கில் பணம் கழிந்து, வாங்குகிறவர் கணக்கில் சேராவிட்டால் மறுநாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்கோ நிறுவனத்துக்கோ கட்டிய பணத்துக்கு உறுதி வராவிட்டால் ஐந்து நாள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு. யாரும் மனு எழுதிக் கேட்க வேண்டியதில்லை, தானாகவே தர வேண்டும். நம் மக்களில் பலருக்கு இது தெரியாது, இந்தச் சாக்கில் தெரிந்துகொள்ளட்டும்.

அக்காவின் முதல் தொகை நாலாம் நாள் தானாகத் திரும்பியது. எல்லாரும் பாராட்டலாம். இரண்டாவது தொகை? அது வங்கி கணக்கில் வெற்றி, பணப் பரிமாற்ற நிறுவனத்தின் கணக்கிலும் வெற்றி. விண்ணப்பத்துக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை. பணம் தோற்றால் கெடு உண்டு, பணம் ஜெயித்து விண்ணப்பம் தோற்றால் கெடு இல்லை. ஆகவே அந்த விண்ணப்பம் மூன்று வாரம் நிலுவையிலேயே கிடந்தது. நான் மூன்று மனு எழுதிய பிறகு ஒருநாள் சத்தமில்லாமல் 'ஏற்கப்பட்டது' என்று மாறியிருந்தது, யார் மாற்றினார்கள் என்று இன்றுவரை தெரியாது. அனேகமாக யாரோ ஒரு புண்ணியவான் டேட்டாபேஸில் கையால் மாற்றியிருப்பார்.

காவல்காரன் வைப்பதிலும் சிக்கல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அவன் ஒரே நேரத்தில் பல நூறு பேருடைய செய்திகளைக் கலந்து கட்டிப் பார்ப்பான், ஒவ்வொரு செய்தியிலும் விண்ணப்ப எண் இல்லாவிட்டால் யார் பணம் யார் ரசீது என்று பிரிக்கவே முடியாது. படகு எண் எழுதாத டோக்கன் கணக்கு மாதிரி ஆகிவிடும். இரண்டு சர்வர் கடிகாரமும் நாலு விநாடி வித்தியாசத்தில் ஓடினால் ரசீதுக்குப் பிறகுதான் பணம் வந்தது போலத் தெரிந்து பொய் மணி அடிக்கும். பொய் மணி நாலு தடவை அடித்தால் ஐந்தாவது தடவை யாரும் எழுந்து பார்க்கமாட்டார்கள், இதை அலுவலகத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்புறம் இன்னொன்று, காவல்காரன் ஆதார் எண்ணையும் ஓடிபியையும் தன் லாக் ஃபைலில், அதாவது நடப்பதைக் குறித்துவைக்கும் ஏட்டில், எழுதி வைத்துக்கொள்ளக்கூடாது. எந்தப் படி, எந்த எண், எத்தனை மணி, அது போதும் அவனுக்கு.

சில தப்புகளைக் காவல்காரன் வரும்வரை விட வேண்டியதே இல்லை. கடலில் வாக்கி டாக்கியில் பேசுகிறவர்களைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் நான் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லையா, கேட்டு அவன் சொன்னது எனக்கு வரவில்லையா என்று இந்தப் பக்கம் நிற்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. திரும்பச் சொல்வதுதான் வழி. திரும்பச் சொன்னால் கெடுதல் வராதபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். எச்டிடிபியில் கெட் (எடு), புட் (வை), டெலீட் (அழி) என்ற கேள்விகளை எத்தனை தடவை அனுப்பினாலும் ஒரு தடவை அனுப்பிய பலன்தான் என்று விதிநூலே சொல்கிறது; போஸ்ட் என்பதற்கு அந்த உறுதி கிடையாது, பணம் கட்டுவது பெரும்பாலும் போஸ்டில்தான் போகிறது. அதற்கும் மருந்து இருக்கிறது. ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் புதிதாகப் பணம் எடுக்காமல் பழைய பதிலையே திருப்பிக் கொடுப்பது. பெரிய பணச் சேவைகள் பல வருஷமாகச் செய்கிறவைதான் இவை. அக்கா கட்டியபோது இது இருந்திருந்தால் என் இரண்டாவது அமுக்கல் ஒன்றும் செய்திருக்காது.

நான் இப்போது என் கடையில் நானே காவல்காரன். ஒரு நீளமான நோட்டு வாங்கி, கோடு போட்டு, விண்ணப்ப எண், மணி, படி, திரையில் வந்த வாசகம் என்று எழுதுகிறேன். பணம் கழிந்ததாக எஸ்எம்எஸ் வந்துவிட்டால் யார் அவசரப்படுத்தினாலும் அரை மணி நேரம் மறுபடி கட்டுவதில்லை. அரை மணி தாண்டியும் ரசீது வராவிட்டால் சிவப்புப் பேனாவால் வட்டம். அண்ணன்மார் சிலர் "என்னப்பா, எல்.ஐ.சி. ஏஜென்ட் மாதிரி எழுதிக்கிட்டே இருக்கே" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். சிவப்பு வட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்ததில் ஒன்று தெரிந்தது: பெரும்பாலும் அவை பணம் போன கணத்துக்கும் ரசீது வரும் கணத்துக்கும் இடையில்தான் விழுகின்றன, படிவத்திலோ லாகினிலோ இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் போதுமாக இருந்தது. அந்தத் தளத்தை நடத்துகிறவர்களிடம் இதைவிட நல்ல கணக்கு அவர்கள் லாக் ஃபைலிலேயே கிடக்கும், யாரும் திறந்து பார்ப்பதில்லை.

உங்கள் நாளிதழ் மூலம் நான் கேட்பது இவ்வளவுதான். பொதுமக்கள் பணம் கட்டுகிற எந்த இணையச் சேவைக்கு டெண்டர் விட்டாலும், ஒப்பந்தத்தில் படிகளின் வரிசையை ஒரு வரைபடமாக எழுதி வாங்கட்டும். அந்த வரைபடத்தை வைத்து, லைன் அறுத்தும் ஓடிபியைத் தாமதப்படுத்தியும் சோதித்த கணக்கைக் கேட்கட்டும். சேவை ஓடத் தொடங்கிய பிறகு காவல் புரோகிராம் ஒன்று நிற்க வேண்டும், அதன் மணி எந்த அதிகாரியின் மேஜையில் அடிக்கும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். பணம் ஜெயித்து விண்ணப்பம் நிலுவையில் நிற்பதற்கு ஒரு கெடு வைக்கட்டும், ரிசர்வ் வங்கி வைத்ததைப் போல. கெடு தாண்டினால் மனு இல்லாமல் தானாகச் சரியாக வேண்டும்.

இதனுடன் மூன்று தாள் இணைத்திருக்கிறேன்: அந்தப் பக்கத்தின் பிரின்ட், எஸ்எம்எஸ்ஸின் பிரதி, என் நோட்டில் ஒரு பக்கம். எண்களையெல்லாம் மை பூசி மறைத்துவிட்டேன். என் பெயர் வேண்டாம், ஊரை மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் இராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரைக்கும் நிலுவையில் நிற்கிற விண்ணப்பம் எல்லாம் என் கடைக்கு வந்துவிடும். கடிதம் நீளம்தான், தெரிகிறது. வெட்ட வேண்டியிருந்தால் லூ மோன்டுல்லி, ஸ்வீடன் சமாசாரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். கெடு பற்றிய பத்தியையும் 100 ரூபாய் பற்றிய பத்தியையும் மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்